மில் ஓடும் வரைக்கும்

அடிவாரத்துச் சேகோ மில்லைக் காட்டுவதற்காக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கீழே அழைத்துப் போனவள் நான்தான். தொண்ணூற்றேழாம் வருடம், கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு. எங்கள் மரவள்ளிக்கிழங்கு லாரி ஏறிப் போகிறது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அது எப்படி ஜவ்வரிசி ஆகிறது என்று தெரியாது. காலைப் பேருந்தில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தவர்களுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து, மில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மில் ஓடவில்லை. கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

கிழங்கைத் துருவும் உருளை ஒரு பக்கம், சலிக்கும் பெட்டிகள் ஒரு பக்கம், மோட்டார்கள், பட்டைகள், குழாய்கள் என்று முற்றம் நிறைய இரும்பு. ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் பெயிண்டில் ஓர் எண். பிள்ளைகள் அந்த எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே ஓடினார்கள். மேனேஜர் சிரித்தபடி வந்தார்.

"டீச்சருங்களா? ஒரு மாசம் முந்தி வந்திருந்தா ஓட்டியே காட்டியிருப்பனுங்க. இப்ப இது கப்பலேறப் போவுது."

"எங்கீங்க?"

"ஆப்பிரிக்காவுக்குங்க. அங்கயும் சனங்களுக்குக் குச்சிக்கிழங்குதான் சோறு. ஆனா நல்ல மில்லு இல்லீங்க."

எங்கள் கிழங்கை இனி யார் வாங்குவார்கள் என்று ஒரு பெண் பிள்ளை கேட்டது. "உங்களுக்குப் புதுசா பெரிய மில்லே கட்டியாச்சு சாமி. இது பழசு" என்றார் அவர். பழையதைத் தூக்கி எறியாமல் கடல் தாண்டி மாட்டுகிறார்கள் என்பது எனக்கு அன்று சாமர்த்தியமாகத் தெரிந்தது. திரும்பும் வழியெல்லாம் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்த முதலாளிக் குடும்பத்தை எங்கள் பக்கம் அறியாதவர் இல்லை. அண்ணன் தம்பிகள் மூன்று பேர். தகப்பன் காலத்தில் ஒரு சிறு மில். கிழங்கு ஏற்ற லாரி வாங்கினார்கள். கிழங்கு இல்லாத மாதங்களில் லாரி சும்மா நிற்கிறதே என்று வாடகைக்கு வேறு சரக்கு ஏற்றினார்கள். லாரி வடக்கே போய் வந்ததில் ஜவ்வரிசி வாங்க அங்கே ஆள் பிடித்தார்கள். பிறகு ஒரு நூல் மில். ஒன்று விட்டால் ஒன்று கைகொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. முந்திரிக்கொட்டை வாங்குவதற்காக ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் அவர்களுடைய மைத்துனர் ஒருவர் போய் உட்கார்ந்திருந்தார். அவர்தான் எழுதினார், இங்கே கிழங்கு மலிந்து கிடக்கிறது, இடம் தருகிறார்கள், வாருங்கள் என்று. கடைசித் தம்பி, சின்ன முதலாளி, புறப்பட்டார். பின்னால் மில் புறப்பட்டது. அதற்குப் பின்னால் ஆட்கள்.

அந்த ஆட்களைத் தேடித்தான் மேனேஜர் மறு மாதம் ஜீப்பில் எங்கள் ஊருக்கு வந்தார்.

எங்கள் ஊர், மலையில் நாடு என்று சொல்லும் பிரிவுகளில் ஒன்றான வளப்பூர் நாட்டில், நாற்பது வீடுகூட இல்லாத சிற்றூர். நான் அங்கேயே பிறந்து, கீழே தங்கிப் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளிக்கே வந்து சேர்ந்தவள். என் கணவர் இறந்து அப்போது ஐந்து வருடம். ஒரே மகன். நாமக்கல்லில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், காட்டில் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தான். இரும்பும் தெரிந்த, கிழங்கும் தெரிந்த பையன். மேனேஜருக்கு வேண்டியதும் அப்படி ஒருவன்தான்.

"இவங்கூட இன்னும் ரெண்டு பேரு கூட வரலாமுங்க. ஆனா ஒண்ணு. ஊட்டுல இருந்து ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும்" என்றார். அங்கே இன்னும் நாலு கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கியிருக்கிறார்களாம். பழக்கி வைத்த ஆளை ஆசை காட்டி இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். பத்திரம் எழுதினால் அங்கே எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது? அதனால் இந்த முதலாளிகள் பத்திரம் எழுதுவதில்லை. மலையில் வாக்கு வாங்குகிறார்கள்.

எங்கள் வழக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஊர் கூடும் மந்தையில், தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று, குனிந்து மண்ணைத் தொட்டு ஒன்றைச் சொல்லிவிட்டால், அது சொன்னவரோடு போகாது, ஊருடையதாகிவிடும். சொன்னவர் தவறினால் ஊர் தவறியதாகும். பலாமரத்தைக் குத்தகைக்கு விடுவதும் மிளகுக்கொடியை விடுவதும் இப்படித்தான். அதில் தேதி இருக்காது. காய் தீருகிற வரைக்கும், கொடி வெறுமையாகிற வரைக்கும் என்றுதான் பேச்சு. காய்க்காத பலா கிடையாது, தீராத காயும் கிடையாது. ஆகவே அதில் எங்களுக்கு ஒருநாளும் சிக்கல் வந்ததில்லை.

மந்தையில் ஊர்க்கவுண்டர் மேனேஜரைக் கேட்டார்: "பையன் அங்க எதுவரைக்கும் நிக்கோணும்?"

"மில்லு ஓடி மொத மாவு எறங்குற வரைக்கும் நின்னாப் போதுமுங்க. ஒரு வெள்ளாமை, மிஞ்சிப்போனா ரெண்டு வெள்ளாமை."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். தினமும் காலையில் கரும்பலகையில் தேதி எழுதிவிட்டுப் பாடம் தொடங்குகிறவள் நான். அன்றைக்கு ஒரு தேதி கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் அவமரியாதை என்றுகூட நினைக்கவில்லை, சுத்தமாகத் தோன்றவில்லை. குனிந்து மண்ணைத் தொட்டேன். "என் பையன் மில்லு ஓடுற வரைக்கும் நிப்பான்" என்றேன். மகன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றான்.

முதல் ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தது. மாதம் ஒரு கடிதம் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அவன் சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமையில் செம்மேடு போய் எஸ்.டி.டி. பூத்தில் காத்திருப்பேன். கடிதம் வந்த அன்று பக்கத்து வீட்டு அக்கா வந்துவிடுவாள். அக்கா என்றால் உடன்பிறந்தவள் அல்ல. என் கணவருடைய அண்ணன் முறைக்காரரின் மனைவி. அவளுக்கும் ஒரே மகன். என் மகனைவிட மூன்று வயது இளையவன். இருவரும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள்.

"என்ன சொல்றான் உன்ற ஆப்பிரிக்காக்காரன்? வெள்ளைக்காரி எவளையாச்சும் கட்டிக்கிட்டானா?"

"அங்க வெள்ளைக்காரி இல்லக்கா. எல்லாரும் நம்மளவிடக் கறுப்பு."

"நம்மளவிடவா? அப்ப உன்ற மருமவ முன்னால நானு செவப்பிதான் போ. படி, படி."

நான் படிப்பேன். கிழங்கு அங்கே ஆள் உயரம் வளர்கிறது, நட்ட நம் ஊர்க் குச்சிக் கரணை நன்றாகப் பிடித்துவிட்டது, சின்ன முதலாளியும் எங்களோடுதான் சாப்பிடுகிறார், மீன் சலித்துவிட்டது. இதெல்லாம் படிப்பேன். காய்ச்சல் என்று இருக்கும் வரியில் கண் மட்டும் போகும், வாய் போகாது. அக்காவைப் பயமுறுத்துவானேன் என்று தொடங்கியது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. ஊரில் அந்தக் கடிதங்களைப் படிக்கக் கேட்டுப் போகிறவர்கள் எல்லோரும் நல்ல சேதியோடு போனார்கள்.

மில் மட்டும் ஓடவில்லை. முதல் வருடம் கரண்ட் வரவில்லை; ஜெனரேட்டருக்குக் காத்திருந்தார்கள். இரண்டாம் வருடம் ஜெனரேட்டர் வந்தது; மழையில் ரோடு அறுத்துக்கொண்டது. பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளில் கறுத்துவிடும். மில் வந்து சேரும்போது பாதி அழுகல். மூன்றாம் வருடம் ரோடு சரியாயிற்று. தொட்டியில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். தண்ணீரில் இரும்பு. மாவு துருவின் நிறத்தில் படிந்தது. அந்த மாவை மாவென்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதைக் கொட்டிவிட்டார்கள்.

"எப்ப சாமி வருவே?" என்று பூத்தில் நின்று கேட்டேன்.

"மில்லு ஓடட்டும்மா. நீதானே சொல்லி அனுப்பினே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை அறுத்தது. பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன். எல்லோருடையதும் சின்ன முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, அவருடையதும் அதில்தான் இருக்கிறது என்றான்.

அந்தக் கோடையில் நான் பெரிய முதலாளியின் வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். மரியாதைக் குறைவு எதுவும் நடக்கவில்லை. கூடத்தில் உட்காரவைத்தார்கள். சின்ன முதலாளியின் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். முப்பது வயதுகூட இருக்காது.

"நீங்கதான் மலை டீச்சருங்களா? உங்க பையனப் பத்தி அவரு போன்ல சொல்லுவாருங்க. அவரு போயி மூணு தீவாளி ஆச்சுங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, பெரியவர் வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விட்டாள்.

பெரியவர் என் பேச்சு முழுவதையும் கேட்டார். பிறகு தன் பக்கத்தைச் சொன்னார். எனக்குப் பாடம் நடத்துவது போல இல்லை. மனதில் இருந்ததைக் கொட்டுவது போல இருந்தது.

"இங்கயே எல்லாத்தையும் வெச்சிருந்தா ஒரே பஞ்சத்துல எல்லாம் போயிருமுங்க. கிழங்கு வெலை ஏறுனா மில்லு படுக்குது. எறங்குனா நீங்க வேற பயிருக்குப் போயிடறீங்க. அதனால ஒரு காலை வெளிய வெக்கோணும். பெரிய கம்பெனிக்காரன் வெளிநாடு போனா வக்கீலை அனுப்புவான், பேங்குக்காரனை அனுப்புவான். எங்களுக்கு அவிங்க யாருமில்லீங்க. நாங்க தம்பியை அனுப்பறோம். தம்பிக்குத் துணையா மச்சான் அங்க இருக்கறாரு. அதுக்கு அப்புறம் நம்ம மண்ணுல நம்பற ஆளு. தம்பி பொண்டாட்டி இங்க இருக்கறா. உங்க பையனுக்கு நீங்க இங்க இருக்கறீங்க. அந்த நம்பிக்கையிலதான் அத்தன தூரத்துல ஒரு மில்லு நிக்குது."

"நம்பிக்கைங்கறீங்க. என்ற பையன் வர முடியலீங்களே."

"நான் புடிச்சு வெக்கலீங்க டீச்சரம்மா. ஒரு துண்டுக் காயிதத்துல உங்ககிட்டக் கையெழுத்து வாங்கியிருக்கனா? வாக்கு நீங்க உங்க ஊருக்குக் குடுத்தது. ஊரு விட்டா நானும் விடறேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பேருந்தில் திரும்பி ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அதில் ஒரு பொய்யைத் தேடினேன். கிடைக்கவில்லை. என்னைப் பிடித்திருந்தது அவர் கை அல்ல. நான் குனிந்து தொட்ட மண்.

ஊரைக் கூட்டச் சொன்னேன். நான்கு நாள் கழித்து மந்தை என்று முடிவாயிற்று. அந்த நான்கு நாளின் முதல் நாளில்தான் மகனின் கடிதம் வந்தது.

வழக்கத்தைவிட நீளமான கடிதம். இரண்டு முறை காய்ச்சல் கண்டு எழுந்திருக்கிறான். அதை விடு என்கிறான். இந்தத் தண்ணீரில் இனி மாவு எடுக்க முடியாது என்று சின்ன முதலாளி முடிவு செய்துவிட்டாராம். கிழக்கே வேறொரு நாட்டில் ஆற்றோரம் இடம் தருகிறார்களாம். மில்லை மறுபடி கழற்றி, மறுபடி எண் போட்டு அங்கே கொண்டுபோகப் போகிறார்கள். எங்களுடைய பேச்சு மில்லுக்குத்தானே தவிர அந்த நாட்டுக்கு இல்லை, ஆகவே ஆட்களும் மில்லோடு வர வேண்டும் என்கிறார். அங்கே போய் ஓட இன்னும் மூன்று வருடமோ நான்கு வருடமோ. 'பெரீம்மா மகன் வரேன் வரேன் என்று எழுதிக்கொண்டிருக்கிறான். அவனிடம் இதைச் சொல்லிவிடு அம்மா' என்று முடித்திருந்தான்.

அன்று அக்கா வரவில்லை. கீழே சந்தைக்குப் போயிருந்தாள். மறுநாள் வந்தாள். கடிதம் ஒன்றும் இல்லை என்றேன்.

மந்தையில் என்னை யாரும் திட்டவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே பயம். எங்கள் நாற்பது வீட்டுக் கிழங்கையும் ஏற்ற மலைக்கு வருவது அந்தக் கம்பெனி லாரி ஒன்றுதான். பிடுங்கிய கிழங்கு லாரிக்குக் காத்திருக்காது.

"டீச்சரு பையனக் கூப்புட்டுக்கறது சரி. அடுத்த மாசம் லாரி ஏறுமா? அதச் சொல்லச் சொல்லுங்க."

"ஏறாது. ஒரு ஊரு சொல்லு பொய்யாச்சுன்னா அவன் பக்கத்து நாட்டுக்குப் போயிருவான்."

"டீச்சருக்குச் சம்பளம் வருது. நமக்கு?"

ஊர்க்கவுண்டர் எல்லோரையும் பேசவிட்டார். பிறகு சொன்னார்: "வாக்கு கீழ விழக்கூடாது. வேற தோளு இருந்தா மாத்திக்கலாம். யாராச்சும் ஏத்துக்கறீங்களா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் மகன் போக வேண்டும் என்று இரண்டு வருடமாக வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ற பையன் போறேங்கறானுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வயித்துல எடமில்லாம போச்சு, அவ்வளவுதான். அவம் பட்டது போதும், இவம் போவட்டும்" என்றாள். சிலர் சிரித்தார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன டீச்சரு, மூணு வருசம் ஆச்சு, மில்லு இந்த வருசம் ஓடிரும்ல? நீதான் படிச்சியே" என்று கேட்டாள்.

கடிதம் என் கைப்பையில் இருந்தது. கைப்பை மடியில் இருந்தது.

"ஆமாக்கா" என்றேன்.

அக்கா குனிந்து மண்ணைத் தொட்டாள். நான் சொன்ன அதே சொல்: மில் ஓடுகிற வரைக்கும்.

அவள் மகன் அங்கே போய் இறங்கினான். இரண்டு மாதத்தில் என் மகன் வந்தான். செம்மேட்டில் பேருந்தை விட்டு இறங்கியவனை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் மஞ்சளித்து, பல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஒரு வாரம் தூங்கினான். களியும் அவரைக் குழம்பும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான். நான் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று பயம் வரும். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு வீடுவரை ஓடிவந்து, அவன் படுத்திருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போவேன்.

அக்கா அடிக்கடி வந்து அவன் அருகில் உட்காருவாள். அங்கே என்ன சாப்பாடு, எங்கே படுக்கை என்று கேட்பாள். அவனும் சொல்லுவான். அவன் ஒன்றை மறைத்தோ மாற்றியோ சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவள் கேட்பது சோற்றையும் பாயையும். மில்லைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நினைத்து அவனும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஐந்து மாதம் நான் உட்கார்ந்திருந்தேன். மகன் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தது சரியாகவில்லை. அக்காவின் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவேன்.

ஒரு சனிக்கிழமை. மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அக்கா கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் மகன் எழுதிய முதல் பெரிய கடிதம். என் மகன் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பழைய சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் படித்தேன். நலம். சோறு உண்டு. அண்ணனுடைய பாயில்தான் படுக்கிறேன். மில்லைக் கழற்றத் தொடங்கிவிட்டோம். அடுத்த மாதம்—

நான் நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டே? எழுத்துப் புரியலியா? நீ சொல்லிக் குடுத்த எழுத்துத்தானே" என்றாள் அக்கா.

படித்தேன். அடுத்த மாதம் மில்லோடு எங்களையும் வேறு நாட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே மில் ஓட மூன்று நான்கு வருடம் ஆகும் என்கிறார்கள். அம்மா, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

"அதென்ன வேற நாடு?" அக்கா என்னையும் என் மகனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "மில்லு இந்த வருசம் ஓடும்னுதானே நானு..."

மகன் செயினைக் கீழே வைத்தான். "என்ன பெரீம்மா இப்பிடிக் கேக்கறீங்க? நான்தான் அப்பவே அம்மாவுக்கு எழுதுனேனே. தெரிஞ்சுதானே அவன அனுப்புனீங்க?"

பிறகு அவன் என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவன் முகத்தில் அது அப்படியே இறங்குவதைக் கண்டேன்.

அக்கா கத்தவில்லை. "எப்ப வந்துச்சு அந்தக் கடுதாசி?"

"மந்தைக்கு நாலு நாள் முந்திக்கா."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"முழுசா?"

"முழுசா."

என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, மடித்த மடிப்பிலேயே மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசல்வரை போனாள். திரும்பி, "எம் புள்ளைக்கு மொத எழுத்து நீதான் எழுதக் குடுத்தே" என்றாள். போய்விட்டாள்.

மகன் செயினை மறுபடி எடுத்துத் துடைக்கத் தொடங்கினான். நான்தான் பேசினேன். நீ செத்துவிடுவாய் என்று பயந்தேன் என்றேன். அவனுக்குத்தான் போக ஆசை என்றேன். ஏதேதோ சொன்னேன். கடைசியில், "நீ சொல்லியிருந்தாலும் அவன் வந்திருப்பாம்மா. அவனுக்கு அவ்வளவு ஆசை. தெரிஞ்சு வந்திருப்பான்" என்றான்.

மறு வாரம் மந்தை. மறைத்து வைத்த அந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் நானே படித்தேன். ஊர்க்கவுண்டர் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயதில் என்னைவிட அதிகம் மூத்தவர் அல்ல. என் பள்ளியில் அவர் பேத்தி படித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம ஏத்துக்கிட்ட சுமை தோளுக்குச் சேராது. அது கொடுத்தவகிட்டத் திரும்பிப் போகோணும்" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. அபராதம் இல்லை, வசவு இல்லை. வாக்கு மறுபடி என்னுடையது. அக்காவின் மகன் திரும்பலாம். என் மகன் போக வேண்டும்.

நான் முடியாது என்றேன். வேலையை விட்டுவிட்டு அவனோடு கீழே எங்காவது போய்விடுகிறேன் என்றேன். ஆனால் மகன் ஏற்கெனவே பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே வைத்திருந்தான்.

"ஊரு சொல்லுதுன்னு நான் போவலம்மா. அவன் அங்க எம் பாயில படுத்திருக்கான்" என்றான்.

மேனேஜருக்கு மகிழ்ச்சி. "உங்க பையன்னா ரொம்ப நல்லதுங்க டீச்சர். மிசினைப் பூட்டத் தெரிஞ்ச ஆளு. புது எடத்துல அவனில்லாம முடியாதுன்னு சின்னவரே சொன்னாருங்க."

அவன் போன மறு வாரம் பெரிய முதலாளியைப் பார்க்க இரண்டாம் முறை போனேன். எதைக் கேட்பது என்று தெரியாமல்தான் போனேன். காலில் விழலாம் என்றுகூட இருந்தேன். அந்த இளம்பெண் காப்பி வைத்துவிட்டு இந்த முறை பேசாமல் போனாள். பெரியவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். சுவரில் காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே, யோசிக்காமல், "ஒரு தேதி சொல்லுங்க. எந்தத் தேதிக்கு என்ற பையனை அனுப்புவீங்க?" என்றேன்.

அவர் கொஞ்சம் வியப்போடு பார்த்தார். "சொல்லலாமுங்களே. ரெண்டு வருசம் வெச்சுக்கலாமா?"

நான் தலையாட்டினேன்.

"தேதி இருந்தா எனக்கும் தோதுதானுங்க. மாத்து ஆளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு பண்ணலாம். நூல் மில்லுல எல்லாம் அப்பிடித்தான் வெச்சிருக்கோம். உங்க மலையில இத்தன வருசமா யாரும் கேக்கலையே?" என்று சொல்லிவிட்டு, கம்பெனித் தாள் ஒன்றை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அந்தத் தாளை மார்போடு பிடித்துக்கொண்டு மலை ஏறினேன். நேராக ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டார். இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நல்ல வாக்கு. ஆனா இது அவரு உனக்குக் குடுத்தது கண்ணு. நீ ஊருக்குக் குடுத்ததுல தேதி இல்லியே."

"அவரே விட்டுட்டாருங்க."

"அவரு விட்டுட்டாரு. உன்ற சொல்லு இன்னும் மண்ணு மேலதான கெடக்குது. மில்லு ஓடட்டும். அப்புறம் பையன் நிமிந்து நடந்து ஊருக்குள்ள வரட்டும்."

பெரியவர் சொன்னபடி செய்தார். குறித்த தேதிக்கு மூன்று நாள் முன்னதாகவே மகன் விமானம் இறங்கினான். மில் ஓடியிருக்கவில்லை. அவனே பூட்டிய மோட்டார்கள் ஆற்றோரத்தில் கரண்டுக்காகக் காத்திருக்கின்றன என்றான். அக்காவின் மகன் அதற்கு வெகு முன்பே திரும்பி, இப்போது கிழங்கு லாரி ஓட்டுகிறான். லாரி வருவது நிற்கவில்லை. எங்களுக்காக அது ஒருநாளும் நின்றிருக்காது என்று இப்போது நினைக்கிறேன். கிழங்கு அவர்களுக்கும் வேண்டியிருந்தது.

என் மகன் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை செய்கிறான். ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். மலை ஏறுவதில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. ஒருமுறை வந்தான், அப்போது ஊரில் ஒரு கல்யாணம். பந்தியில் அவனுக்கும் இலை போட்டார்கள். யாரும் முகம் திருப்பவில்லை. ஆனால் யாரும் அவனிடம் மில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மாலைப் பேருந்துக்கே இறங்கிவிட்டான்.

ஞாயிறுதோறும் நான் கீழே போகிறேன். சமைத்து வைத்துவிட்டு வருகிறேன். போகும் வழியில் இறங்கி மேனேஜரைப் பார்க்கிறேன். அவருக்கு வயதாகிவிட்டது, நூல் மில்லுக்கு மாற்றிவிட்டார்கள். என்னைத் தூரத்தில் கண்டதுமே இல்லை என்று கையை ஆட்டிவிடுகிறார். ஆனாலும் பக்கத்தில் போய்க் கேட்கிறேன். என்னை இத்தனை வருடம் கட்டிப்போட்ட அந்த மில், நான் பார்த்தே இராத ஒரு நாட்டில், பெயர்கூட வாயில் நுழையாத ஓர் ஆற்றின் கரையில், ஓடத் தொடங்கிவிட்டதா என்று.

"இன்னும் இல்லீங்க டீச்சர். மழைக்கு அப்புறம்னு சொல்றாங்க."

"அங்க மழை எப்பங்க முடியும்?"

அது அவருக்குத் தெரியவில்லை. விசாரித்து வைக்கிறேன் என்றார்.